வீட்டில் ஒருவருக்குச் சின்ன வயதில் கண் எடுத்திருந்தால், அதை மறைக்காதீர்கள்



ஞாயிற்றுக்கிழமை என்றால் பழைய பள்ளிக்கூடக் கதை ஏதாவது எழுதுவேன் என்று உங்களுக்குத் தெரியும். இன்றைக்குக் கொஞ்சம் நீளமான பதிவு. சிரிப்புக் கதையும் இல்லை. காபி போட்டுக்கொண்டு உட்கார்ந்து நிதானமாகப் படியுங்கள். வீட்டில் கைக்குழந்தை இருப்பவர்களும், பிள்ளைக்கு வரன் பார்த்துக்கொண்டிருப்பவர்களும் அவசியம் கடைசிவரை படியுங்கள்.

சில மாதங்களுக்கு முன்னால் ஒரு ராத்திரி பத்து மணிக்கு ஒரு போன். என்னிடம் நாலாம் வகுப்பு படித்த பொண்ணு. இப்போது வேலைக்குப் போகிறாள். பெயர் சொல்ல மாட்டேன். அவளிடம் கேட்டு, அவள் சரி என்ற பிறகுதான் இதை எழுதுகிறேன்.

"டீச்சர், எனக்கு ஒரு வரன் வந்திருக்கு. எங்க அப்பாவுக்கு ஒரு கண் இல்லைன்னு உங்களுக்குத் தெரியும்ல?"

தெரியும். பெற்றோர் கூட்டத்துக்கு வருவார். செயற்கைக் கண் வைத்திருப்பார். சின்ன வயதில் கிட்டிப்புள் அடித்துக் கண் போய்விட்டது என்று அவரே ஒருமுறை என்னிடம் சொல்லியிருக்கிறார்.

"கிட்டிப்புள்ளும் இல்ல, ஒண்ணும் இல்ல டீச்சர். நேத்துதான் அத்தை சொன்னாங்க. மூணு வயசுல கண்ணுக்குள்ள கட்டின்னு ஆபரேஷன் பண்ணி எடுத்தாங்களாம். இதை மாப்பிள்ளை வீட்ல சொல்லணுமா? அம்மா மூச்சு விடக்கூடாதுன்றாங்க."

"நாளைக்குச் சொல்றேம்மா" என்று வைத்துவிட்டேன். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

1986. நான் வேலைக்குச் சேர்ந்து ஐந்து வருடம் ஆகியிருந்தது. முத்தியால்பேட்டைப் பக்கம் ஓட்டுக்கட்டிடத்தில் ஒரு தொடக்கப்பள்ளி. எனக்கு ஒன்றாம் வகுப்பு. நவம்பர் மாதம், நல்ல மழை, கரண்ட் இல்லை. மத்தியானம் மூன்று மணிக்கே வகுப்பு இருட்டிவிட்டது. பிள்ளைகள் பயப்படக் கூடாதே என்று டார்ச் லைட்டை எடுத்து ஒவ்வொரு முகமாக அடித்து, பெயர் சொல்லி விளையாட்டுக் காட்டிக்கொண்டிருந்தேன். ஒரு பையன் முகத்தில் வெளிச்சம் பட்டபோது அவனுடைய ஒரு கண் மட்டும் வெள்ளையாகப் பளிச்சென்று மின்னியது. ராத்திரியில் பூனையின் கண் மின்னுமே, அதுபோல.

பிள்ளைகள் "பூனைக்கண்ணா, பூனைக்கண்ணா" என்று கத்தினார்கள். அந்தப் பையனும் சிரித்தான். நானும் சிரித்தேன்.

அடுத்த நாள் அவன் அம்மாவிடம் சொன்னேன். வைத்திக்குப்பத்திலிருந்து கூடையில் மீன் கொண்டு வந்து விற்பவர். "ஆமா டீச்சர், கொஞ்ச நாளா அப்படித்தான் மின்னுது. பார்வையும் லேசா ஒதுங்குது. மாறுகண் அதிர்ஷ்டம்னு எங்க மாமியா சொல்றாங்க" என்றார். நான் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். பொங்கல் விடுமுறைக்குப் பிறகு அவன் பள்ளிக்கு வரவில்லை. கண் வீங்கி வெளியே தள்ளிவிட்டது என்றார்கள். அடுத்த ஜூனில் புதுப் பதிவேடு எழுதும்போது அவன் இல்லை. துக்கம் கேட்கப் போன இடத்தில் ஒரு பாட்டி காதோடு சொன்னார்: "அவங்க அம்மாவோட தம்பிக்கும் இப்படித்தான் ஆச்சு டீச்சர். வெளிய சொல்லல."

அந்த வீட்டில் ஒருவருக்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியவில்லை. டாக்டருக்குச் சொல்ல யாரும் இல்லை.

ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் படித்துவிட்டு வந்த எனக்கு அன்றைக்கு இந்த நோயின் பெயர்கூடத் தெரியாது. ஓய்வு பெற்ற பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். இப்போது கண் மருத்துவராக இருக்கும் என் பழைய மாணவர் ஒருவர் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். இந்தப் பதிவையும் அவர் படித்துத் திருத்திக் கொடுத்திருக்கிறார். டீச்சருக்கே சிவப்பு மை போட்டுவிட்டார் என்று சந்தோஷப்பட்டுக்கொள்ளுங்கள்.

நோயின் பெயர் ரெட்டினோபிளாஸ்டோமா. விழித்திரைப் புற்றுநோய் என்று சொல்லலாம். குழந்தைகளுக்குக் கண்ணுக்குள் வரும் புற்றுநோய்களில் இதுதான் அதிகம். பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் வந்துவிடும். சுமார் 15,000 முதல் 20,000 குழந்தைகளுக்கு ஒருவருக்கு வருகிறது. எண்ணிக்கை சின்னதுபோலத் தெரியும். ஆனால் நம் நாட்டில் பிறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கையை வைத்துப் பெருக்கிப் பாருங்கள். உலகத்தில் இந்த நோய் வரும் குழந்தைகள் அதிகம் இருக்கும் நாடு இந்தியாதான்.

இன்னொன்றையும் உடனே சொல்லிவிடுகிறேன். சீக்கிரம் கண்டுபிடித்தால் இது குணமாகும் நோய். வசதியான நாடுகளில் இந்த நோய் வந்த குழந்தைகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் பிழைக்கிறார்கள். சீக்கிரம் பார்த்தால் பல நேரம் கண்ணையும் காப்பாற்றலாம். தாமதமானால் கண் போகும். இன்னும் தாமதமானால் கண் நரம்பு வழியாக மூளைக்குப் போய் உயிரும் போகும்.

சரி, இது ஏன் வருகிறது? கரும்பலகையில் எழுதிக் காட்டுவதுபோலச் சொல்கிறேன்.

நம் உடம்பு கோடிக்கணக்கான செல்களால் ஆனது. ஒரு செல் இரண்டாகப் பிரிந்துதான் நாம் வளர்கிறோம். ஆனால் எல்லாச் செல்லும் எந்நேரமும் பிரிந்துகொண்டே இருந்தால் என்ன ஆகும்? மணி அடிக்காமலே பிள்ளைகள் எல்லாரும் கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு ஓடினால் என்ன ஆகுமோ அதுதான் ஆகும். அதனால் ஒவ்வொரு செல்லிலும் ஒரு வாட்ச்மேன் இருக்கிறார். "மணி அடிக்கட்டும், அப்புறம் போ" என்று கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் அவர் வேலை. இப்படிக் காவல் காக்கும் மரபணுக்களைக் கட்டியை அடக்கும் மரபணுக்கள் என்கிறார்கள். அவற்றில் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டதன் பெயர் ஆர்பி. ரெட்டினோபிளாஸ்டோமா என்பதன் சுருக்கம்தான்.

இந்த மரபணுவை நாம் இரண்டு பிரதியாக வாங்கிக்கொண்டு பிறக்கிறோம். அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. அதாவது ஒரு கேட்டுக்கு இரண்டு வாட்ச்மேன். ஒருவர் விழுந்தாலும் இன்னொருவர் பார்த்துக்கொள்வார். இரண்டு பேரும் விழுந்தால்தான் கேட் திறந்துகொள்ளும்.

1971-ல் அமெரிக்காவில் ஆல்ஃபிரட் நட்ஸன் என்ற மருத்துவர் இதைக் கண்டுபிடித்த விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். மரபணுவைப் பிரித்துப் பார்க்கும் கருவி எதுவும் அப்போது கிடையாது. இந்த நோய் வந்த 48 குழந்தைகளின் விவரத்தை எடுத்து வைத்துக்கொண்டு கணக்குப் போட்டார், அவ்வளவுதான். இரண்டு கண்ணிலும் நோய் வந்த குழந்தைகளுக்கு அது மிகச் சின்ன வயதிலேயே வந்திருந்தது. ஒரு கண்ணில் மட்டும் வந்த குழந்தைகளுக்குக் கொஞ்சம் தள்ளி வந்திருந்தது. ஏன் இந்த வித்தியாசம்? முதல் வகைக் குழந்தைகள் பிறக்கும்போதே ஒரு வாட்ச்மேன் இல்லாமல் பிறந்திருக்கிறார்கள். மீதி ஒருவர் விழுந்தால் போதும், நோய் வந்துவிடும். இரண்டாம் வகைக்கு ஒரே செல்லில் இரண்டு பேரும் அடுத்தடுத்து விழ வேண்டும். அது அபூர்வம், அதனால் தாமதம். இரண்டு அடிக் கொள்கை என்று இதற்குப் பெயர். கணக்கு எதற்கு டீச்சர் என்று கேட்டவர்கள் எல்லாம் கவனிக்கவும்.

அவர் கணக்கில் சொன்ன அந்த மரபணுவைக் கையில் பிடித்த செய்தி 1986 அக்டோபரில் 'நேச்சர்' இதழில் வந்தது. ஸ்டீஃபன் ஃப்ரெண்ட், ராபர்ட் வைன்பெர்க், தாடியஸ் டிரைஜா என்பவர்கள் கண்டுபிடித்தார்கள். பதின்மூன்றாவது குரோமோசோமில் இருக்கிறது. தேதியைப் படித்ததும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அதற்கு அடுத்த மாதம்தான் நான் டார்ச் அடித்துச் சிரித்தது.

இப்போது வீட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

இந்த நோய் வந்தவர்களில் சுமார் நாற்பது சதவீதம் பேருக்கு அது பரம்பரையாகக் கடத்தக்கூடிய வகை. அப்படிப்பட்டவருடைய ஒவ்வொரு குழந்தைக்கும் அந்தப் பழுதான பிரதி போகச் சரிபாதி வாய்ப்பு, பூவா தலையா மாதிரி. வாங்கிக்கொண்ட குழந்தைகளில் பெரும்பாலானவர்களுக்கு நோய் வரும். சிலருக்கு வராமலே போகும், ஆனால் அவர்கள் வழியாக அடுத்த தலைமுறைக்குப் போகலாம். அந்த வைத்திக்குப்பத்துப் பையனின் அம்மாவுக்கு இரண்டு கண்ணும் நன்றாகத்தான் இருந்தன. அவர் தம்பிக்கு இருந்தது, மகனுக்கு வந்தது. நடுவில் அவர்.

மீதி அறுபது சதவீதம் பேருக்கு அது அந்தக் கண்ணோடு போச்சு. பிள்ளைகளுக்குப் போகாது.

எது எந்த வகை என்று எப்படித் தெரியும்? இரண்டு கண்ணிலும் வந்திருந்தால் அநேகமாகப் பரம்பரை வகை. ஒரு கண்ணில் மட்டும் வந்தவர்களில் சுமார் பதினைந்து சதவீதம் பேருக்குத்தான் பரம்பரை வகை. ரத்தத்தில் ஆர்பி மரபணுவைச் சோதித்துப் பார்க்கலாம். சென்னை சங்கர நேத்ராலயாவிலும் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையிலும் இந்த மரபணுவைப் பற்றிப் பல வருடங்களாக ஆராய்ச்சி நடக்கிறது.

மறுநாள் காலையில் அந்தப் பொண்ணுக்கு நான் போன் செய்து சொன்னது இதுதான்: "முதல்ல அப்பாவைக் கூட்டிட்டுக் கண் டாக்டர்கிட்ட போ. அப்பா ரத்தத்துல அந்தப் பழுது இல்லைன்னா, நீ கிட்டத்தட்ட நிம்மதியா இருக்கலாம். அப்பாவுக்கு இருந்து உனக்கு இல்லைன்னா, உன் பிள்ளைங்களுக்குப் போக வழியே இல்ல. உனக்கும் இருந்தாக்கூட, பொறந்த நாள்லேருந்து குழந்தையோட கண்ணைப் பார்த்துக்கிட்டே வந்தா, வந்தாலும் கடுகளவு இருக்கும்போதே லேசர்ல அடக்கிடுவாங்க. நீ மறைச்சா இது எதுவும் நடக்காது. பயம் மட்டும் கூடவே இருக்கும்."

"மாப்பிள்ளை வீட்டுக்கு?"

"கட்டிக்கப் போறவர்கிட்ட நீயே சொல்லு. உங்க ரெண்டு பேருக்கும் பொறக்கப் போற குழந்தை விஷயம் இது."

அவள் சொன்னாள். இதையும் மறைக்காமல் எழுத வேண்டும்: அந்தச் சம்பந்தம் நின்றுபோனது. "ஜாதகம் சரியா அமையல" என்று சொல்லி அனுப்பினார்கள். அவள் அம்மா எனக்குப் போன் செய்து, "வாத்தியார் வேலையைப் பள்ளிக்கூடத்தோட வச்சிக்கக் கூடாதா?" என்று கேட்டுவிட்டார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. நான் சொன்னது தப்போ என்று பலமுறை யோசித்தேன்.

இப்போதும் யோசித்துத்தான் எழுதுகிறேன். தப்பில்லை என்றே நினைக்கிறேன். சொல்லாமல் கல்யாணம் முடிந்து, ஒன்றரை வயதில் குழந்தையின் கண் மின்னும்போது உண்மை தெரிந்தால், அன்றைக்கு அந்தப் பெண்ணுக்கு அந்த வீட்டில் என்ன இடம் இருக்கும்? அதைவிட, அந்த ஒன்றரை வருடம் அந்தக் குழந்தைக்கு யார் திருப்பிக் கொடுப்பார்கள்?

எனக்குக் கோபம் அந்த மாப்பிள்ளை வீட்டார்மீது மட்டும் இல்லை. அவர்கள் வீட்டில் சர்க்கரை இல்லையா, ரத்தக்கொதிப்பு இல்லையா, நாற்பது வயதில் மாரடைப்பில் போன சித்தப்பா இல்லையா? எல்லா வீட்டிலும் ஏதோ ஒன்று ரத்தத்தில் வருகிறது. சர்க்கரையைப் பந்தியில் உட்கார்ந்து பெருமையாகப் பேசுகிறோம். புற்றுநோய் என்றால் மட்டும் வாயைப் பொத்திக்கொள்கிறோம். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது, ஒருவரைப் பற்றி "அடையாறு போயிருக்காங்க" என்று சொன்னால் போதும். பெரியவர்கள் அதற்குமேல் கேட்க மாட்டார்கள். நோயின் பெயர் யார் வாயிலும் வராது.

அந்த அடையாறு எப்படி வந்தது தெரியுமா? டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை புற்றுநோயில் இறந்தார். முத்துலட்சுமி அம்மையார் அதைத் தன் வீட்டுத் துக்கமாக மூடி வைத்திருக்கலாம். அவர் ஊரறியச் சொன்னார். இதற்கென்று ஒரு மருத்துவமனை வேண்டும் என்று வருடக்கணக்காக ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்கினார். 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளோடு தொடங்கியது. அடுத்த வருடம் அங்கே வந்து சேர்ந்த டாக்டர் சாந்தா 2021-ல் காலமாகும் வரைக்கும் அங்கேயே வாழ்ந்தார். நம் புதுச்சேரியிலிருந்து எத்தனை பேர் அங்கே போய்ப் பிழைத்து வந்திருக்கிறார்கள்! ஒரு அக்கா தன் தங்கைக்கு வந்ததை வாய்விட்டுச் சொன்னதால் வந்தது அது.

இந்த நோய் வந்த வீடுகளில் அம்மாவைத்தான் முதலில் குற்றம் சொல்வார்கள். கிரகணத்தில் வெளியே போனாள், மாசமாக இருக்கும்போது அதைச் சாப்பிட்டாள், இதைப் பார்த்தாள் என்று. அதெல்லாம் கிடையாது. சொந்தத்தில் கட்டியதால் வந்ததா என்றும் கேட்பார்கள். சொந்தத்தில் கட்டுவதால் அதிகமாகும் நோய்கள் வேறு உண்டு. இது அந்த வகை இல்லை. ஒரே ஒருவரிடமிருந்து ஒரு பழுதான பிரதி வந்தாலே போதும். பல வீடுகளில் முன்னால் யாருக்கும் இல்லாமல் புதிதாகவே அந்தப் பழுது உண்டாகிறது. அப்படிப் புதிதாக உண்டாவதில் பெரும்பகுதி அப்பா வழியாகத்தான் வருகிறது என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். அதற்காக அப்பாவைத் திட்டவும் வேண்டாம். யாரும் கேட்டு வாங்கியது இல்லை.

இன்னொரு கதையும் இருக்கிறது. ஆர்பி தனி ஆள் இல்லை. அவருக்கு இரண்டு தம்பிகள் உண்டு, பி107 என்றும் பி130 என்றும் பெயர். மூவரும் ஒரே குடும்பம், ஒரே வேலை. பி130 பெரும்பாலும் பிரியாமல் ஓய்வில் இருக்கும் செல்களுக்குக் காவல். பி107 பிரிந்துகொண்டிருக்கும் செல்களோடு இருப்பவர். எலிகளில் ஆர்பியை மட்டும் எடுத்துவிட்டால் கண்ணில் கட்டி வருவதில்லை. தம்பி ஓடி வந்து அண்ணன் இடத்தில் நின்றுவிடுகிறார். தம்பியையும் சேர்த்து எடுத்தால்தான் கட்டி வருகிறது. மனிதக் குழந்தையின் விழித்திரையில் தம்பிகளால் அந்த இடத்தை நிரப்ப முடிவதில்லை. அதனால்தான் நமக்கு இந்த நோய் வருகிறது.

கண்ணில் கண்டுபிடித்ததால் கண் நோயின் பெயர் வைத்துவிட்டார்களே தவிர, இந்தக் குடும்பம் உடம்பு முழுக்கக் காவல் காக்கிறது. சிகரெட்டால் வரும் நுரையீரல் புற்றுநோயில் சிறுசெல் வகை என்று ஒன்று உண்டு. அதில் கிட்டத்தட்ட எல்லாருக்கும் ஆர்பி விழுந்திருக்கும். மார்பகப் புற்றுநோயில் ஒரு வகைக்கு இப்போது பால்போசிக்லிப் என்ற மாத்திரை கொடுக்கிறார்கள். 2015-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. புற்றுநோய்ச் செல்லில் வாட்ச்மேன் உயிரோடுதான் இருப்பார், ஆனால் யாரோ அவரைச் சும்மா இருக்க வைத்திருப்பார்கள். அந்த ஆளை இந்த மாத்திரை விலக்கிவிடுகிறது, வாட்ச்மேன் மறுபடி கேட்டைப் பிடித்துக்கொள்கிறார். மரபணு படித்து என்ன பிரயோசனம் என்று கேட்பவர்களுக்கு இது பதில்.

பெண் குழந்தை வைத்திருப்பவர்கள் அடுத்ததைக் கவனமாகப் படியுங்கள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் நம் நாட்டுப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் இரண்டாவது இடத்தில் இருக்கிறது. அது எச்பிவி என்ற வைரஸால் வருகிறது. இதைக் காட்டிய ஜெர்மானிய விஞ்ஞானி ஹரால்டு சுர் ஹௌசனுக்கு 2008-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். அந்த வைரஸ் என்ன செய்கிறது தெரியுமா? இ7 என்ற ஒரு புரதத்தை அனுப்பி அண்ணன், தம்பிகள் மூன்று பேரையும் கட்டிப் போட்டுவிடுகிறது. பரம்பரைப் பழுது ஒன்றுமே இல்லாத பெண்ணுக்கும் இப்படிக் காவல் போய்விடுகிறது.

இதற்குத் தடுப்பூசி இருக்கிறது. ஒன்பது முதல் பதினாலு வயதுக்குள் போடுவது மிகவும் நல்லது. புனேயிலுள்ள சீரம் நிறுவனம் 'செர்வாவாக்' என்று நம் நாட்டிலேயே தயாரித்து 2023-ல் கொண்டுவந்தது. ஆனால் இதைப் பற்றிப் பேசினாலே சில அம்மாக்கள் முகம் சுளிக்கிறார்கள். "அது எப்படிப் பரவுதுன்னு தெரியும்ல டீச்சர், இப்பவே எதுக்கு எங்க பொண்ணுக்கு?" என்கிறார்கள். கண்ணில் வந்தது என்றால் கல்யாணம் நின்றுவிடும் என்று மறைக்கிறோம். கர்ப்பப்பையில் வருவது என்றால் மானம் போய்விடும் என்று பேச மாட்டோம். இரண்டுக்கும் கூச்சம்தான் காரணம். கூச்சப்பட்டுக்கொண்டு நாம் இருக்கும் நேரத்தில் நோய் வளர்ந்துவிடுகிறது.

முப்பது வயது தாண்டிய என் மாணவிகளே, உங்களுக்கும்தான். தடுப்பூசி வயது போய்விட்டது என்று விட்டுவிடாதீர்கள். கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனைக்கு ஒருநாள் லீவு போட்டுவிட்டுப் போய் வாருங்கள். ஜிப்மருக்குப் போக வெட்கம் என்றால் என்னைக் கூப்பிடுங்கள், துணைக்கு வருகிறேன். எனக்கு இப்போது வேறு வேலை என்ன இருக்கிறது?

இனி நான் உங்களிடம் கேட்டுக்கொள்வது. இதை வீட்டுப்பாடமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று. கைக்குழந்தை இருக்கும் வீடுகளில், பிளாஷ் போட்டு எடுத்த போட்டோக்களை எடுத்துப் பாருங்கள். பிளாஷ் பட்டால் கண்மணி சிவப்பாகத் தெரிவது சாதாரணம். ஒரு கண் சிவப்பாகவும் ஒரு கண் வெள்ளையாகவும் தெரிந்தால், அல்லது இரண்டுமே வெள்ளையாகத் தெரிந்தால், கண் டாக்டரிடம் போங்கள். எல்லா வெள்ளையும் புற்றுநோய் கிடையாது. கண்புரையாக இருக்கலாம், படம் எடுத்த கோணமாகவும் இருக்கலாம். அதை முடிவு செய்ய வேண்டியவர் டாக்டர். நானும் இல்லை, உங்கள் மாமியாரும் இல்லை. இன்றைய போன்கள் தாங்களாகவே கண்ணின் சிவப்பைத் திருத்திவிடுகின்றன, அதனால் படத்தை மட்டும் நம்பவும் வேண்டாம்.

இரண்டு. குழந்தைக்குப் புதிதாக மாறுகண் வந்தால் அதிர்ஷ்டம் என்று விடாதீர்கள். பூனைக்கண் என்று செல்லமாகக் கூப்பிடாதீர்கள். உடனே காட்டுங்கள். தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது, ஜிப்மரில் கண் பிரிவு இருக்கிறது. இங்கிருந்து பஸ் ஏறினால் போய்ச் சேரும் தூரம்தான். பிரான்சில் இருக்கும் நம் சொல்தா வீட்டுப் பிள்ளைகளுக்கு: பாரீசில் இருக்கும் கியூரி நிறுவனம்தான் இந்த நோய்க்கு அந்த நாட்டின் முதன்மை இடம்.

மூன்று. உங்கள் தாத்தா, அப்பா, மாமா, அத்தை யாருக்காவது குழந்தையாக இருந்தபோது கண் எடுத்திருந்தால், ஏன் எடுத்தார்கள் என்று இப்போதே கேளுங்கள். தெரிந்தவர்கள் எல்லாரும் வயதானவர்கள். அவர்களோடு அந்த உண்மையும் போய்விடும். கேட்டதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மாசமாக இருக்கும் பெண் டாக்டரிடம் அதைச் சொல்ல வேண்டும். அப்படிப்பட்ட வீட்டில் பிறக்கும் குழந்தையின் கண்ணைப் பிறந்த சில நாட்களிலேயே பார்ப்பார்கள். பிறகு சில வாரங்களுக்கு ஒருமுறை, அப்புறம் இடைவெளி விட்டு, பள்ளிக்கூட வயது வரைக்கும் பார்ப்பார்கள்.

நான்கு. பரம்பரை வகை நோய் வந்து குணமானவர்களுக்கு, பெரியவர்களான பிறகு எலும்பிலோ தசையிலோ தோலிலோ வேறு புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். கதிர்வீச்சு அவர்களுக்குக் கூடுதல் ஆபத்து. அதனால் எந்த டாக்டரிடம் போனாலும், சிடி ஸ்கேன் எடுக்கும் முன்னால், இந்தப் பழைய கதையைச் சொல்ல வேண்டும். "கிட்டிப்புள் அடிச்சது" என்று டாக்டரிடமும் சொல்லிக்கொண்டிருந்தால் அவர் எப்படி எச்சரிக்கையாக இருப்பார்?

ஐந்து. பால்வாடியிலும் ஒன்றாம் வகுப்பிலும் இப்போது பாடம் எடுக்கும் என் மாணவ ஆசிரியர்களுக்குத் தனியாக. ஒரு குழந்தையின் கண் மின்னினால் சிரிக்காதீர்கள். அம்மாவிடம் ஒருமுறை சொல்லிவிட்டு நிற்காதீர்கள். கையோடு கூட்டிக்கொண்டு போங்கள். நான் போகவில்லை.

ஊருக்கே தண்டோரா போடுங்கள் என்று நான் சொல்லவில்லை. டாக்டரிடம் சொல்வது வேறு, கட்டிக்கப் போகிறவரிடம் சொல்வது வேறு, தெருவில் சொல்வது வேறு. முதல் இரண்டும் கடமை. மூன்றாவது அவரவர் விருப்பம்.

அந்தப் பொண்ணு விஷயம் என்ன ஆச்சு என்று கேட்பீர்கள். சம்பந்தம் நின்ற பிறகு வீட்டில் பத்து நாள் யாரும் யாரோடும் பேசவில்லையாம். ஒருநாள் காலையில் அவள் அப்பாவே சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து, "வாம்மா, ரத்தம் குடுத்துட்டு வந்துடலாம்" என்றாராம். ஐம்பது வருடத்துக்கு மேலாகக் கிட்டிப்புள் கதை சொன்ன மனிதர், டாக்டர் முன்னால் உட்கார்ந்து முதல் தடவையாக உண்மையைச் சொல்லியிருக்கிறார். சொல்லிவிட்டு அழுதாராம். தன் பிள்ளைகள் பிறந்தபோதெல்லாம் ராத்திரியில் விளக்கைப் பிடித்து அவர்கள் கண்ணைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாராம், மனைவிக்குக்கூடத் தெரியாமல்.

சோதனையின் முடிவு என்ன என்று கமெண்டில் யாரும் கேட்காதீர்கள். அது அவர்கள் வீட்டு விஷயம். யார் அந்தப் பெண் என்று கண்டுபிடிக்கவும் முயற்சி செய்யாதீர்கள். அவள் அம்மா போன வாரம் என் வீட்டுக்கு வந்தார். கத்திரிக்காய்க் கொத்சு செய்து தூக்கில் கொண்டு வந்திருந்தார். பழைய பேச்சை இரண்டு பேருமே எடுக்கவில்லை.

இந்தப் பதிவை உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். என் பெயர் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. இன்று ராத்திரி வீட்டுக் குழந்தையைத் தூக்கி வைத்துக்கொள்ளும்போது, அதன் இரண்டு கண்ணையும் ஒரு நிமிடம் நன்றாகப் பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் ஒன்றாம் வகுப்பு டீச்சர்